வாசகர் கேள்வி – பதில்: ‘ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது’ என்று பிஎச்பி சொன்னால்

இந்த மாதம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்த கணினிக் கேள்விகளில் பலவும், இணையப் பக்கங்களை சர்வரில் உருவாக்கும் பிஎச்பி மொழி காட்டும் ‘ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டன’ என்ற ஒரே எரரைச் சுற்றியே இருந்தன. ஆள் வேறு, ஃபைல் வேறு, காரணமும் வேறு. ஆனால் திரையில் வருவது மட்டும் ஒன்றுதான். அதனால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஐயா, லாகின் பக்கம் ஒன்று எழுதினேன். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் டாஷ்போர்டுக்குப் போக வேண்டும். போகாமல், ‘கெனாட் மாடிஃபை ஹெடர் இன்ஃபர்மேஷன் – ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட் பை, அவுட்புட் ஸ்டார்ட்டட் அட் மேல்பகுதி.பிஎச்பி:6, இன் லாகின்.பிஎச்பி ஆன் லைன் 14’ என்று வருகிறது. 14-ஆம் வரியை எத்தனை முறை பார்த்தும் தப்பு தெரியவில்லை. இலக்கணச் சோதனை போட்டாலும் பிழை இல்லை என்கிறது. – கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: 14-ஆம் வரியில் தப்பு இல்லை. அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

இந்த எரருக்குள் இரண்டு முகவரிகள் இருக்கின்றன. கடைசியில் வரும் ‘லாகின்.பிஎச்பி, 14’ அடிபட்ட இடம். நடுவில் வரும் ‘மேல்பகுதி.பிஎச்பி:6’ அடித்த இடம். எல்லோருடைய கண்ணும் கடைசி எண்ணுக்கே ஓடுகிறது, அங்கேயே பாதி நாள் போய்விடுகிறது. ‘அவுட்புட் ஸ்டார்ட்டட் அட்’ என்ற சொற்களுக்குப் பிறகு உள்ள ஃபைல் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு முதலில் அங்கே போங்கள்.

அங்கே என்ன நடந்திருக்கும்? சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் பதிலுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிலை வரி, அதாவது 200, 302, 404 போன்ற எண். அடுத்து ஹெடர்கள்: எந்த வகைப் பக்கம், என்ன குக்கி, எந்த முகவரிக்குத் திரும்ப வேண்டும் என்பவை. பிறகு ஒரு வெற்று வரி. அதன் பின்தான் பக்கத்தின் உள்ளடக்கம். உள்ளடக்கத்தில் ஒரே ஓர் எழுத்து வெளியே போனாலும், அந்த நொடியில் பிஎச்பி அதுவரை சேர்த்து வைத்த ஹெடர்களை அனுப்பி, வெற்று வரியையும் போட்டு, அந்தப் பகுதியை மூடிவிடும். வேலூர் புதிய பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி புறப்பட்டுப் பாலாற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது முகப்பில் உள்ள ஊர்ப் பலகையை மாற்றச் சொல்வது போலத்தான், அதற்குப் பிறகு ஹெடர்() என்று கேட்பது.

உங்கள் மேல்பகுதி ஃபைலின் 6-ஆம் வரியில் எச்டிஎம்எல் தொடங்கியிருக்கும். பக்கத்தின் அலங்காரம் உள்ள அந்த ஃபைலை முதலில் இன்க்ளூட் செய்துவிட்டு (அதாவது உள்ளே இழுத்துக்கொண்டு), அதற்குக் கீழே பாஸ்வேர்டைச் சரிபார்க்கிறீர்கள். இந்த வரிசையைத் திருப்ப வேண்டும். லாகின் ஃபைலின் முதல் வரியிலிருந்து இப்படிப் போகட்டும்: செஷன்_ஸ்டார்ட்() (லாகின் ஆனவரை நினைவில் வைக்கும் செஷனைத் தொடங்குவது), பிறகு டேட்டாபேஸ் இணைப்பு, பிறகு படிவம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு பாஸ்வேர்டு_வெரிஃபை(), சரியென்றால் செஷன்_ரீஜெனரேட்_ஐடி(), அதன்பின் லொகேஷன் ஹெடர், உடனே அடுத்த வரியில் எக்ஸிட். இவ்வளவும் முடிந்த பிறகுதான் மேல்பகுதி ஃபைலை இன்க்ளூட் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு தவறென்றால் செய்தியை அங்கேயே எக்கோ செய்யாமல் (வெளியே எழுதாமல்) ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, கீழே படிவத்துக்குப் பக்கத்தில் காட்டுங்கள்.

அந்த எக்ஸிட்டை விட்டுவிடாதீர்கள். லொகேஷன் ஹெடர் பிரவுசருக்குச் சொல்லும் தகவல் மட்டுமே. அது பிஎச்பியை நிறுத்தாது. எக்ஸிட் இல்லையென்றால் கீழே உள்ள கோட் முழுவதும் ஓடி, அந்தப் பக்கத்தின் உள்ளடக்கமும் வெளியே போகும். லாகின் செய்யாதவரைத் திருப்பி அனுப்பும் பக்கங்களில் இது பெரிய ஓட்டை. திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் பிரவுசர் இல்லாமலே பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளையால் அந்த முகவரியைக் கேட்பவருக்கு உள்ளே இருப்பதெல்லாம் வரும்.

இலக்கணச் சோதனை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இதில் இலக்கணம் பிழைக்கவில்லை, வரிசைதான் பிழைத்திருக்கிறது. ஓடவிட்டால்தான் தெரியும். செட்குக்கி(), எச்டிடிபி_ரெஸ்பான்ஸ்_கோட்(), செஷன்_ஸ்டார்ட்() எல்லாவற்றுக்கும் இதே விதிதான். செஷன்_ஸ்டார்ட் மட்டும் பிஎச்பி 7.2-இலிருந்து ‘ஹெடர் போன பிறகு செஷன் தொடங்க முடியாது’ என்று வேறு வாசகத்தில் சொல்லும். வாசகத்தைப் பார்த்து வேறு நோய் என்று நினைத்துவிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தில் மாவட்டப் பட்டியல் பழையதாக இருந்தது. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததைச் சேர்க்கவில்லை. மாவட்டம்.பிஎச்பி ஃபைலை நோட்பேடில் திறந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் இரண்டையும் தமிழில் சேர்த்தேன். ‘ஆன்சி’ என்ற பழைய எழுத்து முறையில் சேமித்தால் கேள்விக்குறிகளாக மாறின. அதனால் ‘யூடிஎஃப்-8’ என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். அன்றிலிருந்து இந்த எரர். ‘மாவட்டம்.பிஎச்பி:1’ என்று காட்டுகிறது. முதல் வரியில் பிஎச்பி தொடக்கக் குறியைத் தவிர ஓர் இடைவெளி கூட இல்லை. – குடியாத்தம் வாசகர்

பதில்: கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் அங்கே இருக்கிறது. தமிழில் எழுதுபவர்களை அதிகம் வாட்டுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

யூடிஎஃப்-8 என்பது தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டாக எழுதும் முறை. அப்படிச் சேமித்த ஃபைலின் தலையில் ‘இது யூனிகோட்’ என்று அடையாளம் வைக்கும் பழக்கம் சில எடிட்டர்களுக்கு உண்டு. அந்த அடையாளத்துக்கு பிஓஎம் என்று பெயர். பைட் கணக்கில் 239, 187, 191 என்ற மூன்று எண்கள். பழைய விண்டோஸ் நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தாலே இந்த மூன்றும் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்துதான் பிஓஎம் இல்லாமல் சேமிப்பது நோட்பேடின் இயல்பானது. ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு ஆன்சியே போதும், அவர் இந்தச் சிக்கலைச் சந்திக்காமலே காலம் தள்ளலாம். நமக்குத் தமிழ் எழுத்து கெடக்கூடாது, யூடிஎஃப்-8-ஐத் தொட்டாக வேண்டும், தொட்டதும் இது வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பிஎச்பிக்குத் தொடக்கக் குறிக்கு முன்னால் எது இருந்தாலும் அது பக்கத்தின் உள்ளடக்கம். மூன்று பைட்டையும் அப்படியே வெளியே அனுப்பும், ஹெடர் கதவு மூடிவிடும். உங்கள் பட்டியல் ஃபைல் செஷனுக்கு முன்னால் இன்க்ளூட் ஆகிறது என்றால் மொத்த தளமும் லாகின் ஆகாமல் நிற்கும்.

நீக்கும் வழி: நோட்பேட்++ வைத்திருந்தால் ஃபைலைத் திறந்து, மேலே என்கோடிங் மெனுவில் பாருங்கள். ‘யூடிஎஃப்-8-பிஓஎம்’ என்பதில் குறி இருக்கும். அதே மெனுவில் கீழே உள்ள ‘கன்வர்ட் டு யூடிஎஃப்-8’ என்பதைச் சொடுக்கிச் சேமியுங்கள். மேலே உள்ள வெறும் ‘யூடிஎஃப்-8’, ‘ஆன்சி’ வரிகளில் கைவைக்க வேண்டாம். அந்த வரிகள் ஃபைலை வேறு என்கோடிங்காக வாசிக்கச் சொல்பவை, தவறாகத் தேர்ந்தால் தமிழ் எழுத்துகள் குலைந்துபோகும். விஎஸ் கோட் என்றால் அடிப்பட்டையின் வலப்பக்கம் ‘யூடிஎஃப்-8 வித் பிஓஎம்’ என்று எழுதியிருக்கும். அதைச் சொடுக்கி, ‘சேவ் வித் என்கோடிங்’, பிறகு ‘யூடிஎஃப்-8’. லினக்ஸ் சர்வரில் ஃபைலின் முதல் 3 பைட்டை ஹெட் கட்டளையால் எடுத்து, பைட்டைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி-க்குக் கொடுத்தால், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமின்றித் தெரியும்.

ஒரு ஃபைலைச் சரிசெய்ததும் எரர் போகவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். இன்க்ளூட் ஆகும் எல்லா ஃபைலிலும் இது இருக்கலாம். எரரில் உள்ள ஃபைல் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் ஒன்று தீர்ந்தது, அடுத்தது நிற்கிறது என்று பொருள்.

‘நேம்ஸ்பேஸ் டிக்ளரேஷன் முதல் வரியாக இருக்க வேண்டும்’ என்று எரர் வந்து, அது முதல் வரியாகவே இருந்தால், அங்கேயும் குற்றவாளி பெரும்பாலும் இந்த பிஓஎம்தான்.

எரரில் வரும் எண் 1 என்றில்லாமல் ஃபைலின் கடைசி வரியாக இருந்தால் வாலைப் பாருங்கள். பிஎச்பி முடிவுக் குறிக்குப் பின் உடனே வரும் ஒரே ஒரு புதுவரியை பிஎச்பி விழுங்கிவிடும். இரண்டாவது புதுவரியோ, ஓர் இடைவெளியோ இருந்தால் அது வெளியே போகும். இதற்குத் தீர்வு வாலைச் சுத்தம் செய்வதல்ல. பிஎச்பி மட்டுமே உள்ள ஃபைலில் முடிவுக் குறியையே எழுதாதீர்கள். அது கட்டாயமில்லை. பிஎஸ்ஆர்-12 என்ற, பிஎச்பி கோட் எழுதும் நெறியும் அதை விடத்தான் வேண்டும் என்கிறது.

கேள்வி: என் லேப்டாப்பில், அதையே சர்வராக்கும் எக்ஸாம்ப் மென்பொருளில் எல்லாம் ஓடுகிறது. ஹோஸ்டிங்கில் ஏற்றினால் எரர். அதைவிட ஆச்சரியம், லேப்டாப்பிலேயே ஆங்கிலப் பக்கம் ஓடுகிறது, அதே பக்கத்தைத் தமிழாக்கினால் எரர் வருகிறது. தமிழ் எழுத்தில் ஏதாவது கோளாறா? – ஆம்பூர் வாசகர்

பதில்: தமிழில் கோளாறு இல்லை. தமிழுக்கு இடம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

எக்ஸாம்ப்புடன் வரும் பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலில் ‘அவுட்புட்_பஃபரிங்’ என்ற அமைப்பு 4096 என்று இருக்கும். அதாவது, வெளியே போக வேண்டியதை பிஎச்பி உடனே அனுப்பாமல் 4096 பைட் சேரும் வரை ஒரு தொட்டியில் பிடித்து வைக்கும். தொட்டி நிரம்பாத வரை ஹெடர் கதவு திறந்தே இருக்கும், வரிசை தவறிய கோட் கூடத் தப்பித்துவிடும். அந்த அமைப்பை யாரும் எழுதாத சர்வரில் பிஎச்பியின் உள்ளியல்பு 0. தொட்டியே இல்லை. முதல் எழுத்திலேயே கதவு மூடும்.

தமிழ் எங்கே வருகிறது? யூடிஎஃப்-8-இல் ஆங்கில எழுத்து 1 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், அதிலும் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். ‘வேலூர்’ என்று எழுதினால் 6 குறியீடு, 18 பைட். ஆங்கிலத்தில் அதே ஊர்ப்பெயர் 7 பைட். ‘ராணிப்பேட்டை’ 36 பைட், ஆங்கிலத்தில் 7. உங்கள் ஆங்கிலப் பக்கம் ஹெடர் வரி வருவதற்குள் தொட்டியை நிரப்பவில்லை. தமிழ்ப் பக்கம் 4096-ஐ எட்டி வழிந்துவிட்டது. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. தொட்டி இருக்கும்போது எரர் காட்டும் இடம், அவுட்புட் உண்மையில் தொடங்கிய இடமாக இருக்காது. தொட்டி வழிந்த இடமாக இருக்கும். பக்கத்தின் நடுவில் சம்பந்தமில்லாத ஒரு வரியைக் காட்டினால் அதுதான் காரணம்.

சரிபார்க்க, இரண்டு இடத்திலும் பிஎச்பிஇன்ஃபோ() ஓடவிட்டு அவுட்புட்_பஃபரிங் வரியை ஒப்பிடுங்கள். பார்த்து முடித்ததும் அந்த ஃபைலை ஹோஸ்டிங்கிலிருந்து அழித்துவிடுங்கள், சர்வரின் உள்விவரம் ஊருக்குத் தெரிய வேண்டாம். எங்கள் யோசனை, ஹோஸ்டிங்கை லேப்டாப் மாதிரி ஆக்குவதைவிட லேப்டாப்பை ஹோஸ்டிங் மாதிரி ஆக்குவது. பிஎச்பி.ஐஎன்ஐ-யில் 4096 என்பதை ‘ஆஃப்’ என்று மாற்றி, அப்பாச்சியை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். ஒளிந்திருந்த எல்லாத் தவறும் வீட்டிலேயே வெளியே வரும்.

அவசரத்துக்கு ஹோஸ்டிங்கில் மாற்ற வேண்டுமென்றால், இந்த அமைப்பு ஐஎன்ஐ_செட்() கொண்டு கோடுக்குள்ளிருந்து மாறாது. தளத்தின் அடைவில் .யூசர்.ஐஎன்ஐ ஃபைலில் எழுத வேண்டும். பிஎச்பி அதை இயல்பாக 300 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும். அதனால் எழுதிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள், உடனே மாறவில்லையே என்று வேறெதையும் கலைக்காதீர்கள்.

கேள்வி: எல்லா ஃபைலின் தலையிலும் ஓபி_ஸ்டார்ட்() என்று ஒரு வரி போட்டால் தீர்ந்துவிடும் என்கிறார் நண்பர். சரியா? – ராணிப்பேட்டை வாசகி

பதில்: எரர் மறையும். ஆனாலும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஓபி_ஸ்டார்ட் என்பது மேலே சொன்ன தொட்டியை நீங்களே கட்டுவது, அதுவும் அளவு வரம்பில்லாமல். வரிசை தவறு அப்படியே கிடக்கும். அந்த வரிக்கு முன்னால் பிஓஎம் இருந்தால் அதற்கும் இது உதவாது, ஏனென்றால் தொட்டி கட்டும் முன்பே மூன்று பைட் போய்விட்டது. நாளைக்கு யாராவது ஃப்ளஷ் செய்யும், அதாவது தொட்டியைத் திறந்துவிடும், ஒரு வரியைச் சேர்த்தால் எரர் திரும்ப வரும். அப்போது ஃபைல்கள் நூறாகியிருக்கும், தேடுவது இன்னும் கடினம்.

ஓபி_ஸ்டார்ட்டுக்கு உரிய வேலை வேறு. ஒரு டெம்ப்ளேட்டின் வெளியீட்டைப் பிடித்து மாறியில் வைத்து மின்னஞ்சலாக அனுப்புவது போன்றவற்றுக்கு அது அருமையான கருவி. பழைய தளம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, இன்று மாலைக்குள் ஓடியாக வேண்டும் என்றால் தற்காலிகமாகப் போடுங்கள், பக்கத்தில் ஏன் போட்டோம் என்று ஒரு குறிப்பும் எழுதுங்கள்.

தேடுவதற்கு இதைவிட நல்ல கருவி ஹெடர்ஸ்_சென்ட்(). அடைப்புக்குள் இரண்டு மாறிகளைக் கொடுத்தால், அவுட்புட் தொடங்கிய ஃபைல் பெயரை முதல் மாறியிலும் வரி எண்ணை இரண்டாவதிலும் நிரப்பித் தரும். ஹோஸ்டிங்கில் எரர் திரைக்கு வராமல் மூடியிருக்கும்போது, லொகேஷன் வரிக்கு மேலே இதை வைத்து எரர்_லாக்() வழியாக எழுதச் செய்யலாம். மாறிகளுக்கு டாலர் குறி போட்டு ‘கோப்பு’, ‘வரி’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பிஎச்பி ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: ஆற்காட்டில் மக்கன் பேடா கடை. ரசீதை எஃப்பிடிஎஃப் நூலகம் கொண்டு பிடிஎஃப் ஆக்குகிறோம். ‘சம் டேட்டா ஹேஸ் ஆல்ரெடி பீன் அவுட்புட்’ என்று நிற்கிறது. கணக்கருக்கு அனுப்பும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) ஃபைலும் எக்செலில் திறந்தால் வாடிக்கையாளர் பெயர்கள் குழம்பியிருக்கின்றன. – கடைக்காரர்

பதில்: முதல் பாதி இதே எரர்தான், வேறு உடையில் வந்திருக்கிறது. பிடிஎஃப் அனுப்ப ‘இது பிடிஎஃப்’ என்ற ஹெடர் வேண்டும். அதற்கு முன் ஏதோ வெளியேறிவிட்டது. தொட்டிக்குள் இருப்பது பிஓஎம்மும் வெற்று இடைவெளியும் மட்டும் என்றால் எஃப்பிடிஎஃப் தானே துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கும். அப்படியும் நிற்கிறது என்றால் ஒன்று தொட்டி இல்லை, அல்லது உள்ளே உண்மையான எழுத்து இருக்கிறது. சோதனைக்காகப் போட்டு மறந்த எக்கோ, வார்_டம்ப், அல்லது ஒரு வார்னிங். பிடிஎஃப் அனுப்பும் வரியைத் தற்காலிகமாக மூடிவிட்டுப் பக்கத்தைத் திறந்து, ‘வியூ சோர்ஸ்’ பாருங்கள். வெறுமையாக இருக்க வேண்டும். எது தெரிகிறதோ அதுதான் காரணம்.

ரசீதில் தமிழும் வேண்டும் என்றால் எஃப்பிடிஎஃப்பின் சொந்த எழுத்துருக்களில் தமிழ் இல்லை. எம்பிடிஎஃப் நூலகத்துக்கு மாறுவது நல்லது. கொம்பும் ஒற்றும் உரிய இடத்தில் நிற்க அதில் ஓடிஎல் அமைப்பை இயக்க வேண்டும்.

இரண்டாம் பாதிக்கு மருந்து, இவ்வளவு நேரம் நாங்கள் விரட்டிய அதே பிஓஎம். சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்பதை எக்செல் அறிந்துகொள்ள அந்த மூன்று பைட் உதவும். ஆனால் அது பிஎச்பி ஃபைலின் தலையில் இருக்கக்கூடாது, நீங்கள் சொன்ன நேரத்தில் வெளியேற வேண்டும். முதலில் கன்டென்ட்-டைப் ஹெடரில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி, அடுத்து கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் அட்டாச்மென்ட்டும் ஃபைல் பெயரும், அடுத்து சிஎச்ஆர்(239), சிஎச்ஆர்(187), சிஎச்ஆர்(191) மூன்றையும் சேர்த்து எக்கோ, அதன்பின் எஃப்புட்சிஎஸ்வி() வரிகள், முடிவில் எக்ஸிட்.

கேள்வி: வேர்ட்பிரஸ் ப்ளக்-இன் ஒன்று எழுதி இயக்கினேன். இயக்கும்போது ‘3 எழுத்து எதிர்பாராத அவுட்புட்’ என்கிறது. எந்த எழுத்து? – வாணியம்பாடி வாசகர்

பதில்: 3 என்ற எண்ணே பதில். பிஓஎம். குடியாத்தம் வாசகருக்குச் சொன்னபடி மாற்றிச் சேமியுங்கள். 1 அல்லது 2 என்றிருந்தால் தலையிலோ வாலிலோ புதுவரி. நூற்றுக்கணக்கில் இருந்தால் அது ஒரு வார்னிங்கின் வாசகம். அப்போது டபிள்யூபி_டிபக், டபிள்யூபி_டிபக்_லாக் இரண்டையும் இயக்கி, உள்ளடக்க அடைவில் உருவாகும் டிபக்.லாக் ஃபைலைப் படியுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரே பக்கத்தில் இரண்டு எரர் வருகிறது. மேலே ‘அன்டிஃபைன்டு வேரியபிள்’, கீழே ஹெடர் எரர். எதை முதலில் பார்ப்பது? – வாலாஜாபேட்டை வாசகி

பதில்: மேலே உள்ளதை. பல நேரம் இரண்டும் ஒரே எரர்தான். பெயர் பிழைத்த மாறியைப் பற்றி பிஎச்பி திரையில் எழுதிய வார்னிங்கே முதல் அவுட்புட் ஆகி, கீழே உள்ள ஹெடரைத் தடுத்திருக்கும். மாறியைச் சரிசெய்யுங்கள், கீழே உள்ளதும் தானாகப் போகும். தளம் மக்கள் பார்வைக்குப் போகும்போது டிஸ்ப்ளே_எரர்ஸ் ‘ஆஃப்’, லாக்_எரர்ஸ் ‘ஆன்’ என்று வைத்து, லாக் ஃபைலை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். திரையில் மூடிய வார்னிங் அங்கே எழுதப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.